அதான்

நாற்காலி மூன்றா நாலா என்பதிலேயே அரசிக்குக் கால் மணி நேரம் போய்விட்டது. வருவது மூன்று பேர். தான் ஒருத்தி, ஆக நாலு. வீட்டுக்காரருக்கு ஜன்னலோரத்தில் கைவைத்த நாற்காலி தனியாக இருக்கிறது, அதைச் சேர்க்க வேண்டாம். ஆனால் தான் எங்கே உட்காரப் போகிறோம், அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடக்கவே சரியாக இருக்கும், அப்படியென்றால் மூன்று போதும், மூன்றைப் போட்டால் வீட்டுக்காரியை நிற்க வைத்துவிட்டோமே என்று அவர்கள் எழுந்து எழுந்து உட்காருவார்கள், நாலைப் போட்டால் ஒன்று காலியாகக் கிடக்கும், காலி நாற்காலியைப் பார்த்தால் இன்னும் யாரோ வர வேண்டியிருப்பது போலத் தோன்றும். கடைசியில் நாலையும் இறக்கிப் பழைய பனியன் துணியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கத் தூசி வந்தது. பதினாலு மாதத் தூசி. "பெரிசா எதுவும் இழுத்துப் போட்டுக்காதம்மா, சும்மா டீக்கு வரச் சொல்லு, ரெண்டு பலகாரம் பண்ணு, பேசிக்கிட்டு இருக்கட்டும், அப்பாவுக்கும் நல்லாயிருக்கும், உனக்கும் நல்லாயிருக்கும்" என்று மகள் கோதை புனேயிலிருந்து போனில் சொல்லியிருந்தாள். இந்தச் சும்மாவை அரசி நாலு நாளாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். மரியதாஸ் அண்ணனிடம், "விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, சும்மாதான், ஞாயித்துக்கிழமை நாலரை மணி போல வந்தீங்கன்னா ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள். மொய்தீன் அண்ணனிடமும் அதையே சொன்னாள். மூன்றாவது ஆளிடம் பேசும்போது மட்டும் சும்மா என்ற சொல் நாக்கில் வரவில்லை. அவரிடம் வேறொன்றைச் சொன்னாள். அதை இப்போது நினைக்க வேண்டாம். பட்டாணி வெந்திருக்கும், குக்கரைத் திறக்க வேண்டும், திறக்காவிட்டால் குழைந்துபோய்விடும்.

ரத்தினவேல் ஜன்னலோரத்தில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் ஒரு துணிப் பொட்டலம் போலக் கிடந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்த மனிதர். அவர் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டுச் சங்கு ஊதினாலும் சுற்றி இருக்கிறவன் எழுந்திருக்க மாட்டான் என்று மொய்தீன் அண்ணன் சொல்வார். ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்தது. வலது கையும் வலது காலும் பேச்சும் ஒரே காலைப் பொழுதில் போய்விட்டன. பேச்சில் ஒன்றே ஒன்று மட்டும் தப்பிக் கிடந்தது. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குனிந்து, "என்னங்க, என்னைத் தெரியுதா?" என்று அவள் கேட்டபோது, கோணிய உதட்டை இழுத்து இழுத்து, "அதான்" என்றார். அரசி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி நர்ஸிடம் சொன்னாள், போனில் கோதையிடம் சொன்னாள், லிஃப்ட்டில் ஏறிய முன்பின் தெரியாத அம்மாளிடம்கூடச் சொன்னாள். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் அதான். தோசை போதுமா, அதான். வெயில் படுதா, நகர்த்திப் போடவா, அதான். கோதை மாசமா இருக்காளாம்ங்க, அதான். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் முதல் வாரமே சொல்லிவிட்டாள். "ஆன்ட்டி, அவர் அதான்னு சொன்னா ஆமான்னு அர்த்தமில்ல. அவருக்கு அந்த ஒரு சத்தம்தான் வருது. வேணும்னாலும் அதான், வேணாம்னாலும் அதான். இந்த அட்டையக் காட்டிக் கேளுங்க. விரலை வச்சுக் காட்டட்டும்." தட்டு, டம்ளர், கட்டில், சிரிக்கிற முகம், அழுகிற முகம். மூன்று வாரம் காட்டினாள். இடது கை விரல் டம்ளருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நடுங்கிக்கொண்டே நிற்கும். அடுப்பில் பால் பொங்கும். ஒருநாள் அழுகிற முகத்தின்மேல் விரலை வைத்து எடுக்கவே இல்லை, அன்றைக்கு அவள்தான் அட்டைகளை வாரி பீரோ மேலே போட்டாள். தப்பாகத் தொட்டிருப்பார், தண்ணீர் கேட்டிருப்பார். முப்பத்து மூன்று வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு முகம் பார்த்தால் தெரியாதா, அட்டை எதற்கு? அன்றிலிருந்து அவருடைய பேச்சு அவள் வாயில் வந்தது. சரின்றாங்க. தூக்கம் வருதுன்றாங்க. உங்களை நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாங்க.

பட்டாணி குழையவில்லை. ஒரு நிம்மதி. நிம்மதி என்றாலே அடுத்தது என்ன என்று மனசு தேட ஆரம்பித்துவிடுகிறது. கேசரிக்கு ரவையை வறுத்துக்கொண்டே வந்துபோனவர்களை நினைத்தாள். முதல் மாதம் வீடு கொள்ளாத கூட்டம். ஹார்லிக்ஸ் பாட்டில்களும் ஆப்பிளும் சாமி அலமாரி வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. இரண்டாம் மாதம் ஞாயிறுதோறும் வந்தார்கள். அப்புறம் சந்தைக்கு வந்த வழியில் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் பெருநாளைக்கு மொய்தீன் அண்ணன் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது, கிறிஸ்துமஸுக்கு மரியதாஸ் அண்ணன் வீட்டிலிருந்து கேக் வந்தது, ஆட்கள் வரவில்லை. தப்புச் சொல்ல முடியாது. வந்து என்ன செய்வார்கள்? பேச்சாலேயே கட்டிப்போட்ட மனிதர் முன்னால் பேச்சில்லாமல் எவ்வளவு நேரம் உட்காருவது? அவளுக்கே முடியவில்லை. பக்கத்து அறையில் அவர் விழித்திருக்கிறார் என்று தெரிந்தும், தூங்குகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்த மத்தியானங்கள் உண்டு. யார் கேட்டார்கள் இந்தக் கூட்டத்தை? அவர் கேட்டாரா? கோதை சொன்னாள், அரசி அவரிடம் கேட்டாள், "உங்க ஜமாவைக் கூப்பிடவாங்க, பழையபடி?" என்றாள், அவர் அதான் என்றார். சரி என்றார். அதான் என்றார். சர்க்கரை கொட்டியதும் கேசரி இளகிப் பொங்கி அவள் மணிக்கட்டில் ஒரு துளி தெறித்தது. கையை உதறினாளே தவிர நினைப்பு அங்கேயேதான் நின்றது. பாலகுரு அண்ணன் பேரைச் சொன்னபோதும் அதான் என்றாரே. அப்போது முகம் எப்படி இருந்தது? அவள் முகத்தைப் பார்த்தாளா? சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

பாலகுரு. அந்த மூன்றாவது ஆள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து ஒரே தேதியில் ஓய்வு பெற்றவர்கள் அவரும் இவரும். கோதைக்குப் பேர் வைத்ததே அவர்தான். அவர் மனைவி இறந்தபோது மூன்று மாதம் இந்த வீட்டில்தான் ராத்திரிச் சாப்பாடு. ஓய்வு பெற்ற ஆறாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே போய்விட்டு வந்த ரத்தினவேல் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று, "இனிமே பாலகுரு பேச்சை எடுக்காத" என்றார். ஏன் என்று கேட்டாள். எடுக்காதே என்றால் எடுக்காதே. ஊரெல்லாம் உட்கார வைத்துக் கதை சொல்கிறவர், வீட்டில் இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மரியதாஸ் அண்ணனுக்கும் தெரியாது, மொய்தீன் அண்ணனுக்கும் தெரியாது. ஆறிவிடும் என்று விட்டுவிட்டாள். ஆறுவதற்குள் இது வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் வந்தார்கள், பாலகுரு வரவில்லை, இல்லை, வந்தார், வராண்டா கோடியில் யாரோ ஒருவர் தூணோரம் நின்றுவிட்டுப் போனதாக நர்ஸ் சொன்னாள், அவராகத்தான் இருக்கும். அவளுக்குள் ஒரு பயம் இருந்தது. அதைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தாள். அந்தச் சண்டை தன்னைப் பற்றியதாக இருக்குமோ? அந்த மூன்று மாதம் அவர் சாப்பிட வந்தபோது, அடுப்படி வாசலில் நின்று, "அரசி, ரசத்துல உப்பு தூக்கலா இருக்கு" என்பார். "நாளைக்கு நீங்களே வந்து வைங்கண்ணே" என்பாள். அவ்வளவுதான். அவ்வளவுக்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் யாராவது ஏதாவது சொல்லியிருந்தால்? சீ, என்ன நினைப்பு, கேசரி அடிப்பிடிக்கிறது. வேறு ஏதாவதாக இருக்கும், வேலை செய்த இடத்து விஷயமாக இருக்கும், ஆண்பிள்ளைகளுக்குள் ஆயிரம். டீக்கு வரச் சொல்லிப் போன் செய்தபோது பாலகுரு உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "நான் வந்தா அவனுக்கு நல்லதா தங்கச்சி?" என்று கேட்டார். அப்போதுதான் அதைச் சொன்னாள். "கூப்பிடச் சொன்னதே அவங்கதாண்ணே." பொய்யா அது? அதான் என்றாரே.

மிக்ஸியைப் போடுவதை அவள் இன்னமும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பாள். இன்றைக்குச் சட்னியே வேண்டாம் என்று முடிவு செய்து பஜ்ஜிக்கு வாழைக்காயைச் சீவினாள். அன்றைக்கும் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. காலை ஏழு மணி, குளியலறையிலிருந்து, "அரசி" என்றார். துண்டு கேட்கிறார் என்று நினைத்தாள். "வர்றேன் இருங்க" என்றாள். தேங்காய் இன்னும் அரைபடவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார், அது அரசியாக இல்லை, அர என்று இழுத்து நின்றது. அவள் மிக்ஸியை நிறுத்தி, சட்னியை வழித்துக் கிண்ணத்தில் போட்டு, கையைக் கழுவி, துண்டை எடுத்துக்கொண்டு போனாள். எவ்வளவு நேரம் இருக்கும்? மூன்று நிமிஷம், நாலு நிமிஷம். நாலு நிமிஷத்தில் எதுவும் மாறியிருக்காதும்மா என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் கடைசியாகச் சொன்ன முழுச் சொல் அவள் பேர், அதை அவள் துண்டு என்று புரிந்துகொண்டாள். டாக்டரிடம் நேரத்தை மட்டும்தான் சொன்னாள், இதை யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும் சொன்னதில்லை. அவருக்கு அது நினைவிருக்குமா? நினைவிருந்து ஒவ்வொரு நாளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாரா? மணி நாலு. முதலில் அவரைப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போக வேண்டும், அவர்கள் முன்னால் ஏதாவது ஆகிவிட்டால் அந்த அவமானத்தை அவரால் தாங்க முடியாது. இடது கையைத் தன் தோளில் போட்டு, இடுப்பைப் பிடித்து, ஒரு அடி, இன்னொரு அடி. சந்தன நிற அரைக்கைச் சட்டையை மாட்டினாள். கழுத்தில் எச்சில் வழியாமல் இருக்கச் சின்னத் துண்டு ஒன்று, வேண்டாம், குழந்தைக்குக் கட்டினது மாதிரி இருக்கும், மடியில் போட்டுக்கொள்ளட்டும். பவுடர் பூசியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதான்" என்றார். "ஆமா, ஜம்முனு இருக்கீங்க" என்றாள்.

நாலே முக்காலுக்கு இரண்டு பேர் சேர்ந்தே வந்தார்கள். மரியதாஸ் கனத்த உடம்பு, மாடிப்படி ஏறாமலே மூச்சு வாங்குகிறவர். மொய்தீன் ஒல்லி, கையில் ஆப்பிள் பை. "ரத்தினம், எப்படிடா இருக்க?" என்று மரியதாஸ் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். காது நன்றாகக் கேட்கும் அண்ணே என்று சொல்ல வாய் வந்து அரசி விட்டுவிட்டாள். "அதான்" என்றார் அவர். "பாத்தியா, நல்லா இருக்கேன்றான்" என்று மொய்தீன் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், பரவாயில்லை, நன்றாகத்தான் ஆரம்பித்திருக்கிறது. பஜ்ஜி சூடாகப் போனது. "சாப்பிடுங்கன்றாங்க" என்று அவருக்காகச் சொன்னாள். கால் மணி நேரம் அவரைப் பார்த்துப் பேசினார்கள். முகம் தெளிஞ்சிருக்குடா, சதை போட்டிருக்கடா, நம்ம ஒர்க் ஷாப்புல புது மேனேஜர் வந்திருக்கான்டா. ஒவ்வொன்றுக்கும் அதான் வந்தது. ஆறாவது ஏழாவது அதானுக்குப் பிறகு அவர்கள் நாற்காலிகள் யாரும் நகர்த்தாமலே ஒன்றையொன்று பார்த்துத் திரும்பிக்கொண்டது போல இருந்தது. மரியதாஸின் முழங்கால், மொய்தீன் மருமகனின் துபாய் வேலை, புது மேம்பாலம். பேச்சு அவர் தலைக்கு மேலாகப் போய் வந்துகொண்டிருந்தது. அவர் கண் மட்டும் பேசுகிறவர் வாயிலிருந்து பேசுகிறவர் வாய்க்கு மாறிக்கொண்டே இருந்தது. ஒருமுறை மொய்தீன் ஏதோ பழைய கதையை ஆரம்பித்து, அதில் வரும் ஃபோர்மேன் பேர் மறந்துபோய், நெற்றியைத் தட்டினார். ரத்தினவேலின் முகம் மாறியது. முன்னால் சாய்ந்தார். "அதான்" என்றார். "அதான், அதான்." அவருக்குப் பேர் தெரியும், நாக்கு நுனியில் இருக்கிறது, அரசிக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. பேரைச் சொல்ல அவளுக்கும் தெரியவில்லை. "சரி விடு, எவனோ ஒருத்தன்" என்று மொய்தீன் கதையைத் தொடர்ந்தார். அவர் மெல்லப் பின்னால் சாய்ந்தார். மரியதாஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல அதற்குப் பக்கத்தில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அரசி கேசரிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் ஊட்டினாள். இது வேண்டாமோ, இவர்கள் முன்னால் ஊட்டக் கூடாதோ? வாயைத் திறக்கிறாரே. பசியில் திறக்கிறாரா, ஸ்பூன் வருகிறதே என்று திறக்கிறாரா?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாலகுரு முழுசாக நரைத்திருந்தார். உள்ளே வராமல் நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றார். "வாங்கண்ணே" என்றாள் அரசி, தன் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது தெரிந்தது. "யாரு வந்திருக்காங்க பாருங்க." ரத்தினவேல் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். காலியாகக் கிடந்த நாலாவது நாற்காலி அவருக்கு இடது பக்கம் இருந்தது, பாலகுரு அதன் நுனியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். "ரத்தினம்" என்றார், சாதாரணக் குரலில், பழைய குரலில். அந்தச் சாயங்காலம் முழுக்க அவரிடம் கத்தாமல் பேசிய ஒரே ஆள். "அதான்" என்றார் ரத்தினவேல், மிகவும் தணிந்து. அரசிக்கு மனசு பறந்தது. ஆறிவிட்டது, எல்லாம் ஆறிவிட்டது, கோதையிடம் சொல்ல வேண்டும். "உங்களைக் கூப்பிடச் சொன்னதே இவங்கதாண்ணே" என்றாள். "ரொம்ப நாளா உங்க நெனப்புதான். இல்லீங்களா?" அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். "அதான்." "ஆமான்றாங்க" என்றாள். இடது கை ஓங்கி நாற்காலிக் கையில் அறைந்தது. கேசரிக் கிண்ணம் தெறித்துத் தரையில் சுழன்றது. "அதான்" என்றார். "அதான். அதான். அதான்." கழுத்து நரம்பு புடைத்தது, எச்சில் வழிந்தது, ஒவ்வொரு அதானும் வேறு வேறு இடத்தில் அழுந்தியது, ஒரு நீண்ட வாக்கியத்தை வார்த்தை வார்த்தையாகச் சொல்வது போல, நிறுத்தி, தொடங்கி, அடித்துச் சொல்வது போல.

"என்னா தங்கச்சி சொல்றான்?" என்று மொய்தீன் கேட்டார். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவளுக்குத்தானே தெரியும். பதினாலு மாதமாக அவள்தானே சொல்லிவருகிறாள். "தண்ணி கேக்கறாங்க" என்றாள். ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும் என்பது மறந்து டம்ளரையே வாயருகில் கொண்டுபோனாள், அவர் புறங்கையால் தள்ளினார், தண்ணீர் அவள் புடவையில் கொட்டியது. "பாத்ரூம் போகணும் போல." அவர் தலையை ஆட்டினார், இல்லை என்றா, ஆமாம் என்றா, தலை எந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. "அசதியா இருக்கும், ரொம்ப நேரம் உக்காந்துட்டாங்க." அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று தடவை சொல்லி மூன்றும் தப்பாகப் போயிற்று. முதலில் சொன்னது எது, போன வாரம் சொன்னது எது, தோசை போதும் என்றாரே அது எது? பவுடர் வேண்டாம் என்றாரா? இவர்கள் யாரும் வேண்டாம் என்றாரா? ஒவ்வொரு நாளும் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டாரே, அது தூக்கம் இல்லையா? பாலகுரு எழுந்தார். "நான் கெளம்பறேன் தங்கச்சி. போகச் சொல்றான். எனக்குப் புரியுது." "இல்லண்ணே, அப்படி இல்லண்ணே" என்று வாய் சொன்னது. எப்படி இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவர் எழுந்து திரும்பும்போது ரத்தினவேலின் இடது கை நீண்டு அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. பாலகுரு பாதி குனிந்தபடி நின்றார். இருவர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. "அதான்" என்றார் இவர், மூச்சாக. "விடுறா ரத்தினம், விடுறா" என்றார் மரியதாஸ். அடிக்கப் பிடித்த பிடியா, போகாதே என்று பிடித்த பிடியா? அரசி அந்த விரல்களையே பார்த்தாள். இத்தனை வருஷம் பார்த்த விரல்கள். கணு வெளுக்க இறுகியிருந்தன. பாலகுரு அவற்றை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பிரித்தார். அந்தக் கையை மடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே போனார். ரத்தினவேல் அழுதார். வாயைத் திறந்து, சத்தமாக, தோள் குலுங்க அழுதார். இந்த நோவில் அழுகையும் சிரிப்பும் காரணமில்லாமல் வரும்மா, அதைப் பெரிசா எடுத்துக்காதீங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக இதையும் நம்ப முடியாது. வந்ததற்கு அழுகிறாரா, போனதற்கு அழுகிறாரா, இல்லை வெறுமனே அழுகிறாரா?

அரசி ஈரப் புடவையோடு வாசலுக்கு ஓடினாள். பாலகுரு கேட்டைத் தாண்டி நின்று சட்டையை நீவிக்கொண்டிருந்தார். "அண்ணே, உங்களுக்குள்ள என்னதாண்ணே சண்டை?" என்றாள். அவர் அவளைப் பார்க்காமல் கேட்டின் கொண்டியைப் பார்த்தார். "அவன் உங்கிட்ட சொல்லலையா?" "சொல்லலண்ணே. பேச்சையே எடுக்காதன்னாங்க." "அப்ப நான் சொல்றது முறையில்ல தங்கச்சி. அவன் பக்கத்த அவனால சொல்ல முடியாது. எம் பக்கத்த மட்டும் நான் சொல்லிட்டுப் போனா அது நல்லா இருக்காது." கொண்டியை ஒருமுறை தூக்கி இறக்கிவிட்டு, "நெசமாவே கூப்பிடச் சொன்னானா?" என்று கேட்டார். அரசி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பேரைச் சொல்லி, கூப்பிடவான்னு கேட்டேன். அதான்னாங்க." பாலகுரு தலையை அசைத்தார், கோபமில்லை, கோபம் இருந்திருந்தால் தேவலை. "எல்லாத்துக்கும் அதைத்தானம்மா சொல்றான்" என்றார். தெருமுனை வரைக்கும் அவர் முதுகு தெரிந்தது. அவள் கேட்க நினைத்து, கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வி இருந்தது, என்னைப் பத்தியா அண்ணே என்பது. அதற்கான பதிலும் அந்த முதுகோடு போய்விட்டது. இனி இந்த உலகத்தில் அதைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் சொல்ல மாட்டார். ஒருவரால் முடியாது. உள்ளிருந்து மரியதாஸும் மொய்தீனும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்கள். "தூங்க வை தங்கச்சி, சரியாயிடும்" என்றார் மொய்தீன், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "கேசரி பிரமாதம்" என்றார் மரியதாஸ். "இன்னொரு நாளைக்கு வர்றோம். நீ இப்படியெல்லாம் செரமப்படுத்திக்காத." வர மாட்டார்கள். அவளாக இருந்தாலும் வர மாட்டாள்.

உள்ளே வந்தபோது அழுகை நின்றிருந்தது. அவர் மறுபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் கேசரியும் எச்சிலும் காய்ந்துகொண்டிருந்தன. அரசி தரையைத் துடைக்கவில்லை. எறும்பு வரும் என்று ஒரு நினைப்பு வந்து போனது, வரட்டும். நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்தாள், இடது கையை, உணர்வுள்ள கையை. "எனக்குப் புரியலைங்க" என்றாள். சொல்லத் தொடங்கிய பிறகுதான் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. "ஒரு நாளும் புரிஞ்சதில்ல. நானாத்தான் சொல்லிக்கிட்டேன். நீங்க சரின்றீங்க, வேணும்றீங்க, நல்லா இருக்குன்றீங்கன்னு நானாத்தான். உங்களுக்குப் பேச்சு போச்சுன்னா, மிச்சம் இருந்ததையும் நாந்தான் எடுத்துக்கிட்டேன். அன்னைக்குக் குளிக்கிற ரூம்ல என்னைக் கூப்பிட்டீங்க. தேங்காய அரைச்சு முடிச்சுட்டுத்தான் வந்தேன். அதுவும் புரியல." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்தது என்ன என்று பார்த்தாள், கோபமா, மன்னிப்பா, களைப்பா, பேர் வைக்கப் போனாள், வைக்காமல் நிறுத்தினாள். அவர் வாய் திறக்கும் என்று காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. வெளியே சந்தைக்குப் போனவர்கள் பைகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. உதடுகள், கோணலாக இருந்தாலும், சேர்ந்து மூடியிருந்தன. ஆஸ்பத்திரியின் அந்த ஒன்பதாம் நாளுக்குப் பிறகு அவள் ஏதோ சொல்லி அவர் பதிலுக்கு அந்த ஒரு சொல்லையும் சொல்லாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. இருட்டத் தொடங்கியது. எழுந்து விளக்கைப் போட வேண்டும் என்று நினைத்தபடியே அவள் உட்கார்ந்திருந்தாள், விளக்கைப் போடவாங்க என்று கேட்கவும் வாய் வரவில்லை, கேட்டால் பதிலையும் தானே சொல்லிவிடுவோம் என்று பயமாக இருந்தது. போன் அடித்தது. கோதை. "எப்படிம்மா இருந்துச்சு? எல்லாரும் வந்தாங்களா? அப்பாகிட்ட குடு." அரசி போனை அவர் காதில் வைத்தாள். "அப்பா, ஜமா வந்துச்சா? ஜாலியா இருந்துச்சா? அப்பா? நான் பேசறது கேக்குதாப்பா?" பெண்ணின் குரல் சின்னதாக, பூச்சி போல, அந்த அறைக்குள் இரைந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். அரசி போனைத் தன் காதுக்கு எடுத்தாள்.

"அம்மா, அப்பா என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லலைம்மா" என்றாள்.